பெட்டிக்குக் கீழே எங்கள் தெரு

என் பக்கத்து நாற்காலி மலர் அக்காவுக்கு,

சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கோ, நீங்கள்தானே அவவோட படிச்சனீங்கள்" என்று செயலாளர் போனில் சொன்னார். அந்த நாலு வார்த்தைக்காக உட்கார்ந்து மூன்று நாளாகிறது. வருகிற எதுவும் நல்லதாக இல்லை. அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் நானே நகலெடுத்துக் கோயில் வாசலில் கொடுக்கிறேன்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது அக்கா. துக்கம் என்று எழுதத்தான் ஆசை. உங்களை நினைத்தால் அழுகை வருவதற்கு முன்னால் குமட்டல் வருகிறது. மீன் கழுவிய கையில் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் ஒரு வாடை நிற்குமே, அப்படி. அந்தக் கை யாருடையது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தென்கோடியிலுள்ள பாபகூராவில் நாம் ஒரே தெரு. நான் நடுவில், நீங்கள் கீழ்க்கோடியில். ஆறு வருடமாக முனைக்கடை டெய்ரியில் பால் வாங்கும்போது பார்த்துச் சிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான் பழக்கம். ஒடாஹுஹுவில் ஒரு சமூகக் கல்லூரியின் புவியியல், வரைபடக்கலைச் சான்றிதழ் வகுப்புக்கு முதல் நாள் போய்க் கதவைத் திறந்தால், முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் சாப்பாட்டுப் பை. ஐம்பத்தாறு வயது. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த உங்கள் கோட்டை எடுத்து அதில் இடம் போட்டீர்கள்.

நான் ஏன் வந்தேன் என்று எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலியில் வாங்கிய பி.ஏ. புவியியல் பட்டத்தை இந்த ஊரில் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் என்ற பெயர் போகட்டும் என்றுதான் சேர்ந்தேன். உங்கள் காரணம் வேறு. விரி என்ற ஊரில் ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடம் பார்சல்களுக்கு முகவரி ஒட்டியவர் நீங்கள். ஆக்லாந்தில் உங்களுக்குத் தெரியாத தெருப்பெயர் கிடையாது. பார்த்த தெருக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரயிலில் வரும்போது சொன்னீர்கள்: "பேர் தெரிஞ்ச றோட்டு எல்லாத்தையும் ஒருக்கா படத்திலயாவது பாக்கோணும் பிள்ளை. ஒட்டி ஒட்டி அனுப்பினனே ஒழிய, எங்க போகுதெண்டு ஆர் கண்டது?"

அந்த வகுப்பில் உங்களைப் போல் சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை. கணினியில் மவுஸ் பிடிக்கத் திணறினீர்கள். ஆனால் ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் போதும், அது எந்த அஞ்சல் வட்டம், பக்கத்தில் என்ன தெரு என்று ஆசிரியர் தேடுவதற்குள் சொல்லிவிடுவீர்கள். அந்த அம்மாள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். உங்களிடம் தோற்றுப்போய்ச் சிரிப்பார்.

லெஜண்ட் வைக்கும் பாடம் நினைவிருக்கிறதா? எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்கிற குறிப்புப் பெட்டி. அதைப் படத்தில் எங்கே வைப்பது என்பதற்கு ஒரே ஒரு விதிதான்: ஒன்றும் இல்லாத இடத்தில் வை. பெட்டி உட்காரும் இடம் மறைந்துபோகும், அதனால் மறைந்தாலும் பரவாயில்லாத இடமாகப் பார். நீங்கள் கையைத் தூக்கி, உங்கள் இங்கிலீஷில், அந்தப் பெட்டிக்குக் கீழே ஆட்கள் யாராவது குடியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கடல் இருக்கிறதே, இந்த ஊரில் எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரு மூலையில் கடல் இருக்கும், அதன்மேல் வையுங்கள் என்றார் ஆசிரியர். நீங்கள் அதை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டீர்கள். "பெட்டி கடலில்." உங்கள் நோட்டு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது.

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்புதான் அந்தப் பெருமழை. ஓடை பெருகினால் எங்கெல்லாம் தண்ணீர் வரும் என்று நகரசபையின் படத்தில் நீலம் பூசியிருக்கிறார்கள். அதில் நம் தெரு சுத்தமாக இருக்கிறது. நமக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வரவில்லை, பின்வேலிக்கு அப்பால் அடைத்துக்கொண்ட வடிகாலிலிருந்து வந்தது. அது எந்தப் படத்திலும் இல்லை. ஊரில் ஒரு துண்டை எடுத்து நீங்களே அளந்து வரையுங்கள் என்று ஆண்டு வேலை கொடுத்தபோது, நீங்கள் யோசிக்கவே இல்லை. "எங்கட றோட்டுத் தண்ணியைக் கீறுவம்" என்றீர்கள்.

கல்லூரியில் கொடுத்த இரும்பு டேப் கையை வெட்டுகிறது என்று, தையல் பெட்டியிலிருந்த மஞ்சள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். சமோவாக்காரர் வீட்டில் வேலியில் சேற்றுக் கோடு, பஞ்சாபிக் குடும்பத்தின் வீட்டில் கதவு நிலையில் கோடு. நீங்கள் குனிந்து அளப்பீர்கள், நான் எழுதுவேன். இரண்டு வீட்டுக்கு ஒரு முறை நின்று இருமுவீர்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் தயங்கி நின்றீர்கள்.

"உம்மட வீட்டையும் எழுதோணும். எழுதலாமோ?"

"எழுதுங்க அக்கா, அதுக்கென்ன" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். காரேஜ் சுவரில் நாற்பத்தொரு சென்டிமீட்டர். உங்கள் கூடத்தில் அறுபத்திரண்டு.

உங்கள் வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஆள். கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பவர். தண்ணீர் வடிந்த அன்று மூன்று பெரிய மின்விசிறிகளோடு வந்து கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவைத்து, நாலாம் நாள் அதையே திரும்ப விரித்துவிட்டுப் போனார். உள்ளே நுழைந்தால் ஈரச் சாக்கு வாடை. மூலையில் கறுப்பாகப் படர்ந்தது. புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். இந்த வீட்டை விட்டால் வேறு எங்கே போவேன், அவரும் எங்கட ஆள்தானே என்றீர்கள்.

ஜூலையில் இருமல் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனது, அங்கிருந்து நீங்கள் திரும்பவில்லை. நுரையீரல் என்றார்கள், பழைய ஆஸ்துமா என்றார்கள். அந்தக் கார்ப்பெட்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வாடை எனக்குத் தெரியும்.

உங்கள் இறுதிச் சடங்கில் முதலில் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். தண்ணீர் வந்த அன்று முதல் ஆளாக ஓடி வந்து நின்றவன் நான் என்றார். எங்கட குடும்பம் மாதிரி என்றார். கைக்குட்டையால் கண்ணை வேறு ஒற்றிக்கொண்டார். நான் கடைசி வரிசையில் நின்று, துப்ப இடமில்லாமல் விழுங்கினேன். நான் அவரைப் போல் இல்லை என்று அன்று எனக்கு எத்தனை நிச்சயம் தெரியுமா? அந்த நிச்சயம் மூன்று மாதம் தாங்கியது.

நீங்கள் போன பிறகு படத்தை நான் தனியாக முடித்தேன். உங்கள் மகள் சிந்து நோட்டையும் மஞ்சள் டேப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் உங்கள் எண், எண்களை வைத்து நீலம். ஆழமாக ஆக நீலம் கருக்கும். நம் தெருவின் கீழ்ப்பாதியில் பதினொரு வீடு கருநீலத்தில் கிடந்தது. பார்க்கப் பயமாக இருந்தது, ஆனால் சரியாக இருந்தது.

அந்த வாரம்தான் நாங்கள் வீட்டை விற்க முடிவு செய்தோம். மகளுக்கு அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம், அந்த வட்டாரத்தில் வீடு பார்த்தாயிற்று. அதற்கு வெகு முன்பே என் கணவர் கணேஷ் காரேஜைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். நீங்கள் அளந்து சரியாக ஒரு வாரம் கழித்து. அவரைக் கெட்டவர் என்று எழுதினால் அது பொய். மார்ட்கேஜுக்காக இரண்டு வேலை பார்த்துக் களைத்துப்போன மனிதர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் படத்துல நம்ம தெரு வருதா?"

"வரும்."

"என்ன கலர்ல?"

நான் அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பொய் சொல்லுன்னு நான் சொல்லலையே" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து குறிப்புப் பெட்டியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு விநாடி வேலை. கடலின் மேலிருந்த பெட்டி நகர்ந்து வந்து நம் தெருவின் கீழ்ப்பாதியில் உட்கார்ந்தது. எங்கள் வீடும் உங்கள் வீடும் உள்ளே. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை, ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை. யாராவது கேட்டால் எல்லாம் கோப்பில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. திருடுகிறவனாவது திருடுகிறோம் என்று தெரிந்து திருடுகிறான்.

கடலை ஏன் காலியாக விட்டாய் என்று ஆசிரியர் கேட்டார். கரையோரத்தின் வளைவு அழகாக இருக்கிறது, அதை மறைக்க மனம் வரவில்லை என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மிகச் சுத்தமான அமைப்பு என்று எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார். அப்புறம் நான் ஒன்று செய்தேன் அக்கா. இதை எழுத விரல் வரமாட்டேன் என்கிறது. பெட்டியின் அடியில் ஒரு வரி இடம் இருந்தது. "அளவீடு: மறைந்த இராசமலர் அவர்கள். அவர் நினைவாக" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சேர்த்தேன். உங்கள் பெயரை உங்கள் தெருவின்மேலேயே போட்டு மூடினேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

போன வாரம் பாபகூரா நூலகத்தில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். சமோசா, ஜூஸ், நாலு பேர் பேச்சு. சிந்து வேலைக்கு விடுப்புப் போட்டு வந்திருந்தாள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி, அம்மா வுட் ஹாவ் லவ்ட் திஸ்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

உங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நம் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஓடையைத் தேடினார், ரயில் பாதையைத் தேடினார், விரலை மெதுவாக நகர்த்தித் தெருவைத் தேடினார். விரல் பெட்டியின் விளிம்பில் போய் நின்றது. பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்கள் பிள்ளை" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதில் கேலி இல்லை, மிரட்டல் இல்லை. நீயும் நம் ஆள்தான் என்கிற சிரிப்பு. சடங்கு மண்டபத்தில் நான் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறிவந்தது. கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

வந்தால் படத்தின் முன்னால் ஒரு பெண். மலேசியாவிலிருந்து வந்த நர்ஸாம், பெயர் தேவி. இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. நான்தான் படத்தைச் செய்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீடு வாங்கப் பார்க்கிறார்களாம். தெருப் பெயரைச் சொன்னாள். இரண்டு முறை வந்து பார்த்த வீடு, தெருவின் நடுவில், புதிதாக வெள்ளை அடித்த காரேஜ். வீடு பார்க்க ஆட்கள் வருகிற நேரத்தில் உரிமையாளர் வெளியே போய்விடுவதுதானே இங்கே வழக்கம், அதனால் அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை.

"அக்கா, அந்த ரோட்டுப் பக்கம் நீலமே காணோம் லா. அப்ப பயம் இல்ல தானே?"

பிள்ளை என் வளையலைப் பிடித்து இழுத்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்ல தெருதாங்க" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. படம் போட்டவர்களே சொன்னால் சரிதான் என்று, பக்கத்தில் நின்ற கணவனிடம் சொல்லிக்கொண்டே போனாள். வருகிற திங்கட்கிழமை கையெழுத்து.

உங்கள் கேள்விக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது அக்கா. பெட்டிக்குக் கீழே ஆட்கள் குடியிருந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம், புதிதாக ஆட்கள் தாமாகவே வந்து குடியேறுவார்கள். உங்கள் வீட்டிலும் ஆள் வந்தாயிற்று தெரியுமா? புதுக் குடும்பம், கைக்குழந்தையோடு. கார்ப்பெட் அதேதான், மேலே ஒரு பூப்போட்ட விரிப்பு. தெருவோடு போகும்போது கதவு திறந்திருந்தால் வாடை வருகிறது. நான் எதிர்ப்பக்கமாக நடக்கப் பழகிவிட்டேன்.

நேற்றுக் காலை கணேஷிடம் சொன்னேன். தேவியைக் கூப்பிட்டு நான் யார் என்று சொல்லிவிட்டதாகவும், சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும். அவர் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "செத்துப்போன அந்தம்மாவுக்காக உயிரோட இருக்கற நம்ம பொண்ண நடுத்தெருவுல நிறுத்துறியா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனவர் அன்று முழுக்க என் போனை எடுக்கவில்லை. இன்று காலையும் பேசவில்லை. நாங்கள் பார்த்து வைத்த வீடு போய்விடும். இந்த வீட்டை இனி யார் வாங்குவார்கள் என்றும் தெரியவில்லை. தேவியும் போனில், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். ஆமா, சொல்லியிருக்கலாம்.

இப்போது வகுப்பில் இருந்துதான் எழுதுகிறேன். உங்கள் நாற்காலியில் என் கோட்டைப் போட்டிருக்கிறேன், இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். மதிப்பெண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் படத்தைச் சரிசெய் என்றார். கோப்பைத் திறந்து பெட்டியைப் பிடித்து இழுத்தேன். கீழே பதினொரு வீடும் அப்படியே இருந்தன, நீங்கள் குனிந்து குனிந்து எடுத்த எண்களோடு. பெட்டியைக் கடலில் வைத்தேன். கடல் அத்தனை நாளும் காலியாகத்தான் கிடந்தது.

நாளை சனிக்கிழமை, நூலகம் திறந்ததும் பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டுவேன். சிந்துவிடம் பழைய போட்டோவை அழிக்கச் சொல்லி, ஏன் என்றும் சொல்லுவேன். அவள் என்னோடு பேசாமல் போனால் அது நியாயம்தான். பத்து மணிக்குத் தேவி வருவாள். காரேஜ் சுவரில் வெள்ளையைச் சுரண்டி, உங்கள் மஞ்சள் டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, நாற்பத்தொன்றில் விரலை வைத்துக் காட்டுவேன். அது முடிந்ததும் டேப்பைச் சுருட்டாமல் கீழ்க்கோடிக்கு நடந்து, கைக்குழந்தை இருக்கிற அந்த வீட்டின் கதவைத் தட்டுவேன். அறுபத்திரண்டு எங்கே என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. இந்த முறை எதிர்ப்பக்கமாக நடக்கமாட்டேன் அக்கா.

நாற்பத்தொரு சென்டிமீட்டர் வீட்டிலிருந்து,
உங்கள் தங்கை
வசுமதி